பிரெஞ்சுக் குழந்தைக்குப் பெயர் வைத்தவர் யார்?



பிரெஞ்சுப் பெயர்களுக்குப் பொருள் சொல்லும் கையேடுகள் பல உண்டு. இடப்பக்கம் பெயர், நடுவில் மூலமொழி, வலப்பக்கம் பொருள். அப்படி ஒன்றைக் கையில் எடுத்துக் குளோத் என்ற பெயரைத் தேடுங்கள். லத்தீன் வேர், காலைத் தாங்கி நடப்பவர் என்று பொருள் போட்டிருக்கும். செசில் என்றால் பார்வையற்றவர். பிளேஸ் என்றால் நாக்குழறிப் பேசுபவர். போல் என்றால் சிறியவர். பிளேஸ் பாஸ்கலைப் பெற்றவர்களும், உடலியல் அறிஞர் குளோத் பெர்னாரைப் பெற்றவர்களும் இந்தப் பொருளை எண்ணியா பிள்ளைக்குப் பெயர் வைத்தார்கள்?

ழூரா மலைப்பகுதியில் சென்-குளோத் என்று ஓர் ஊர் இருக்கிறது. பழங்கால ஆயர் ஒருவருடைய பெயரால் வந்த ஊர். அவருடைய கல்லறையைத் தேடி நூற்றாண்டுக் கணக்கில் மக்கள் நடந்து போனார்கள். அந்த வட்டாரத்தில் ஆணுக்கும் குளோத், பெண்ணுக்கும் குளோத். 1499-இல் பிறந்த ஓர் இளவரசிக்கும் அதே புனிதரின் பெயர்தான். அவர் பிற்பாடு மன்னர் முதலாம் பிரான்சுவாவின் மனைவியானார். பிரான்சின் பழக்கடைகளில் இன்றும் ‘ரேன்-குளோத்’, அதாவது அரசி குளோத் என்ற பெயரில் ஒரு பச்சைப் பிளம் பழம் விற்கிறது. செசிலின் கதையும் இதுதான். அவர் இசைக்குப் பாதுகாவலரான புனிதர். அந்தப் பெயரைச் சூட்டிய தாயின் காதில் வீணை போன்ற ஒரு கருவியின் ஒலி கேட்டிருக்கலாம். பார்வையின்மை அவள் நினைவில் வந்திருக்காது.

ஆகவே இன்று மாலை நான் முன்வைக்கும் கருத்து இது. அகராதியைப் புரட்டினால் ஒரு பெயர் எங்கே பிறந்தது என்பது தெரியும். அதைக் குழந்தைக்குச் சூட்டும் அதிகாரம் எந்தக் காலத்தில் யார் கையில் இருந்தது என்று கேட்டால்தான் அந்தப் பெயர் எப்படி வாழ்ந்தது என்பது தெரியும். பிரான்சில் அந்த அதிகாரம் பலர் கை மாறியிருக்கிறது. குலம், கோயில், அரசு, கடைசியில்தான் பெற்றோர். பெற்றோருக்கு முழுமையாக வந்து சேர்ந்தது 1993-இல்.

முதலில் குலத்தைப் பார்ப்போம். பிரான்சு நாட்டின் ஆதிப் பெயர்கள் கெல்ட்டியப் பெயர்கள். அவற்றின் மேல் ரோமானியப் பெயர்கள் வந்து படிந்தன. பிறகு ரைன் ஆற்றுக்கு அப்பாலிருந்து பிராங்குகள் வந்தார்கள். வந்தவர்கள் தங்கள் மொழியை இழந்து, தாங்கள் வென்ற மக்களின் லத்தீனையே பேசத் தொடங்கினார்கள். ஆனால் பெயர்களை மட்டும் விடவில்லை. பிராங்கு மொழி மறைந்த மண்ணில் பிராங்குப் பெயர்கள் ஆண்டன. வெல்லப்பட்ட மக்களும் தம் பிள்ளைகளுக்கு அவற்றையே சூட்டினார்கள்.

இந்தப் பெயர்கள் பெரும்பாலும் இரண்டு துண்டுகள் சேர்ந்தவை. புகழும் ஒளியும் சேர்ந்தால் ரொபேர். கரடியும் உறுதியும் சேர்ந்தால் பெர்னார். இல்லமும் ஆட்சியும் சேர்ந்தால் ஆன்ரி. மன உறுதியும் தலைக்கவசமும் சேர்ந்தால் கியோம். ஆங்கிலேயர் வில்லியம் என்று சொல்வது இதைத்தான். தகப்பன் பெயரில் ஒரு துண்டு, தாய் பெயரில் ஒரு துண்டு என்று எடுத்துப் பிள்ளைக்குப் புதுப்பெயர் கோர்க்கும் வழக்கமும் இருந்தது. பாரிசை ஒட்டிய சென்-ழெர்மேன்-தெ-ப்ரே மடத்தில் 9-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இர்மினோன் என்ற மடத்தலைவர் ஒரு பதிவேடு எழுதுவித்தார். மடத்து நிலங்களில் உழைத்த குடியானவர்கள், அவர்களுடைய மனைவி மக்கள், அவர்கள் கொடுக்க வேண்டிய முட்டை, கோழி, வேலைநாள் எல்லாம் அதில் இருக்கின்றன. அந்தக் குடியானவர்களின் பெயர்களில் பெரும்பகுதி இப்படிக் கோர்த்த ஜெர்மானியப் பெயர்கள். கோர்க்கும்போது பொருள் பொருந்துகிறதா என்று யாரும் பார்க்கவில்லை. போரும் அமைதியும் ஒரே பெயரில் அடுத்தடுத்து நின்றாலும் கவலையில்லை. இந்தப் பிள்ளை இன்னாருக்கும் இன்னாருக்கும் பிறந்தது என்று சொல்வதே அந்தத் துண்டுகளின் வேலை.

லூயி என்ற பெயர் இந்தக் காலத்தின் குழந்தை. கி.பி. 500-ஐ ஒட்டி ரான்ஸ் நகரில் ஆயர் ரெமியின் கையால் ஞானஸ்நானம் பெற்ற பிராங்கு மன்னன் குளோவிஸ். அவனுடைய பெயரின் பழைய வடிவத்தில் புகழ் ஒரு துண்டு, போர் ஒரு துண்டு. முன்னால் நின்ற ஒலி தேய்ந்து உதிர, அதே பெயர் லூயி ஆயிற்று. அந்தப் பெயருடைய மன்னர்களின் எண்ணிக்கை பதினெட்டு வரை போயிற்று. அவர்களில் ஒன்பதாம் லூயி 1297-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். பதினான்காம் லூயிக்கு இன்னொரு பெயரும் உண்டு: தியுதொன்னே, கடவுள் தந்தவன். அவருடைய பெற்றோர் 1615-இல் மணம் முடித்தவர்கள். பிள்ளை பிறந்தது 1638-இல். இருபத்து மூன்று ஆண்டுகள் காத்திருந்த ஓர் அரண்மனையில் அந்தப் பெயரின் பொருளை எல்லாரும் உணர்ந்தே உச்சரித்தார்கள். இப்படிப் பொருளே முன்னால் வந்து நிற்கும் பெயர்கள் பிரெஞ்சில் சில உண்டு. விரும்பிப் பெற்ற பிள்ளை தெசிரே. மறுபிறவி எடுத்தவன் ரெனே. ஞானஸ்நானத்தையே மறுபிறவியாகக் கருதிய காலத்துப் பெயர் அது.

பதினோராம், பன்னிரண்டாம் நூற்றாண்டு வாக்கில் ஒரு பெரிய மாற்றம் நடக்கிறது. புதுப்பெயர் கோர்ப்பது நின்றுபோகிறது. புனிதர்களின் பெயர்கள் மேலெழுகின்றன: ழான், பியேர், ழாக், எத்தியேன், மரி, மார்கரித். கூடவே பெயர்களின் எண்ணிக்கையும் சுருங்குகிறது. ஒரே ஊரில் பத்து ழான்கள் இருந்தால் அடையாளம் சொல்ல இன்னொரு பெயர் வேண்டும் அல்லவா? குடும்பப் பெயர்கள் நிலைபெற்றதற்கு இந்த நெருக்கடி ஒரு முக்கியமான காரணம். குடும்பப் பெயர்களில் பல, யாரோ ஒரு முன்னோரின் சொந்தப் பெயரே. இன்று பிரான்சில் மிக அதிகமாக வழங்கும் குடும்பப் பெயர் மார்த்தேன். தூர் நகரத்து ஆயர் புனித மார்த்தேனின் பெயர் அது. அதன் வேரிலோ ரோமானியரின் போர்க்கடவுள் மார்ஸ் இருக்கிறார். போர்ச்சேவையை உதறிவிட்டுத் துறவியான ஒருவருக்குப் போர்க்கடவுளின் பெயர்.

அந்நாளில் குழந்தைக்குப் பெயர் கொடுத்தவர்கள் ஞானப்பெற்றோர். ஞானத்தந்தை தன் பெயரை ஆண் குழந்தைக்கும், ஞானத்தாய் தன் பெயரைப் பெண் குழந்தைக்கும் கொடுப்பது பரவலான வழக்கம். இதற்கு நம்மிடம் மிகச் சிறந்த சாட்சி ஒருவர் இருக்கிறார்: ழான் தார்க். 1431-இல் ரூவான் நகரத்து விசாரணையில் அவரிடம் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று அவருடைய பெயர். ஊரில் தன்னை ழானெத் என்று அழைத்தார்கள் என்றும், பிரான்சுக்கு வந்த பிறகு ழான் என்று அழைக்கிறார்கள் என்றும் அந்தப் பத்தொன்பது வயதுப் பெண் சொன்னார். ஞானத்தாய்கள் யார் என்று கேட்டார்கள். பலரைச் சொன்னார், அவர்களில் ஒருவர் பெயர் ழான். ஞானத்தந்தையர் பெயரும் அதே பெயரின் ஆண் வடிவம்தான். இன்னொரு செய்தியும் அவர் வாயிலிருந்தே வருகிறது: அவருடைய பகுதியில் பெண்பிள்ளைகள் தாயின் குடும்பப் பெயரையே தாங்குவார்களாம். உலகம் முழுவதும் தார்க் என்ற தந்தை பெயரால் அறியும் ஒருவர், தம் ஊர் வழக்கப்படி வேறு பெயருக்கு உரியவர். எழுதியவர்களும் கேட்டவர்களும் ஆண்கள்.

ஊரில் ழானெத், அரசவையில் ழான். இந்த ‘எத்’ என்ற விகுதியில்தான் பிரெஞ்சுப் பெண்பெயர்களின் அழகு பாதி இருக்கிறது. எத், ஓத், ஈன், ஓன் என்று சேர்த்துச் சேர்த்துச் செல்லப் பெயர்களை உண்டாக்கினார்கள். ஷார்லிலிருந்து ஷார்லோத். ஆன்ரியிலிருந்து ஆன்ரியெத். மரியிலிருந்து மரியோன், மனோன். மார்கரித்திலிருந்து மார்கோ. நிக்கோலாவின் தலையை வெட்டி வாலை ஒட்டினால் கொலெத். மக்களின் வெற்றி என்று பொருள்படும் கம்பீரமான கிரேக்கப் பெயர் கடைசியில் ஒரு சின்னப் பெண்ணைக் கொஞ்சும் சொல்லாகிவிட்டது. வேரைப் பார்த்து மனோனுக்குப் பொருள் சொல்ல முனைந்தால் நாம் மரியிடம் போய், அங்கிருந்து ஹீப்ருவுக்குப் போக வேண்டும். அந்தப் பயணத்தில் அம்மா மகளைக் கூப்பிட்ட குரல் தொலைந்துவிடுகிறது. கையேடுகள் மேல் எனக்குள்ள பெரிய குறை இது.

புனிதர்களுடைய குடும்பப் பெயர்களும் ஊர்ப் பெயர்களும்கூடக் குழந்தைப் பெயர்களாயின. ஷாந்தால் என்ற பெண்பெயர் 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சில் வெகுவாகப் பரவியது. அது உண்மையில் ஓர் இடத்தின் பெயர். ழான் பிரெமியோ என்ற விதவை, ஷாந்தால் சீமையின் பிரபு மனைவியாக இருந்தவர், 1610-இல் அன்சி நகரில் ஒரு கன்னியர் சபையைத் தோற்றுவித்துப் புனிதரானார். கல்லைக் குறிக்கும் ஒரு பழைய தென்பிரெஞ்சுச் சொல், ஊருக்குப் பெயராகி, பெண்ணுக்கு அடையாளமாகி, மூன்று நூற்றாண்டு கழித்துப் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் ஏறியது.

ஸவியே என்ற பெயரும் இதே வகை. நவார் நாட்டிலிருந்த ஒரு கோட்டையின் பெயர் அது. பாஸ்க் மொழியில் புதுவீடு. அந்தக் கோட்டையில் பிறந்து, பாரிசில் படித்து, 1542-இல் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்த பிரான்சிஸ் சேவியரை நம் பரதவ மக்கள் சவேரியார் ஆக்கினார்கள். பிரான்சில் ஒரு ஸவியேயும் நம் கரையில் ஒரு சவரிமுத்துவும் ஒரே கோட்டை வாசலிலிருந்து புறப்பட்டவர்கள்.

இந்த இடத்தில் ஒரு வியப்பைச் சொல்லாமல் போக முடியாது. போல் என்றால் சிறியவர் என்பதைப் பிரெஞ்சுக்காரர் மறந்து எத்தனையோ நூற்றாண்டாயிற்று. ஆனால் தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் அவருக்கு வைத்த பெயர் சின்னப்பர். எத்தியேன் கிரேக்கத்தில் முடி, கிரீடம். நம் கோயில்களில் அவர் முடியப்பர். ழான் என்பதன் ஹீப்ரு வேரில் கடவுளின் அருள் இருக்கிறது. நம்மிடம் அவர் அருளப்பர். ஐரோப்பாவில் ஒலி மட்டும் எஞ்சி நின்ற பெயர்களின் உள்ளே கை விட்டுப் பொருளை எடுத்து, அதற்கு ‘அப்பர்’ என்ற நம் மரியாதையையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். பெயர்களை மொழிபெயர்ப்பதில் இதைவிட அழகான வேலையை நான் கண்டதில்லை.

மீண்டும் பிரான்சுக்குப் போவோம். 1539-இல் மன்னர் முதலாம் பிரான்சுவா வில்லேர்-கொத்ரே என்ற இடத்தில் ஓர் ஆணை பிறப்பித்தார். பங்குக் குருமார்கள் ஞானஸ்நானப் பதிவேடு வைக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. பெயர் அன்று முதல் காதிலிருந்து காகிதத்துக்கு இறங்கியது. எழுதுகோல் குருவின் கையில். பெற்றோர் இல்லாத குழந்தைக்கு யார் பெயர் வைப்பது? 1717-இல் பாரிசில் நோத்ர்-தாம் பேராலயத்தை ஒட்டியிருந்த சின்னக் கோயில் ஒன்றின் படியில் ஓர் ஆண் குழந்தை கிடந்தது. கோயிலின் பெயர் சென்-ழான்-லெ-ரோன். குழந்தைக்கு அதையே வைத்தார்கள்: ழான் லெ ரோன். பிற்காலத்தில் தலம்பேர் என்ற பெயரையும் சேர்த்துக்கொண்டு, திதெரோவோடு சேர்ந்து கலைக்களஞ்சியத்தைப் பதிப்பித்த கணித மேதை அவர். ஒரு கட்டடத்தின் பெயரை வாழ்நாள் முழுவதும் சுமந்தார்.

1789-இன் புரட்சி இந்த எழுதுகோலைப் பிடுங்கியது. 1792 செப்டம்பர் 20-இல் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகள் குருமாரிடமிருந்து நகராட்சிக்கு மாறின. நம் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நாம் ‘மேரி’ என்று சொல்கிறோமே, அத்தகைய மன்றங்களுக்கு. மறு ஆண்டு நாட்காட்டியே மாறியது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புனிதர் இருந்த இடத்தில் பெரும்பாலான நாட்களுக்கு ஒரு பயிர், ஐந்தாம் நாளுக்கு ஒரு விலங்கு, பத்தாம் நாளுக்கு ஒரு கருவி. ஆண்டின் முதல் நாள் திராட்சை. இரண்டாம் நாள் குங்குமப்பூ. ஐந்தாம் நாள் குதிரை. ஏழாம் நாள் காரட். பத்தாம் நாள் திராட்சை மிதிக்கும் தொட்டி. இந்தப் பெயர்களைத் தொகுத்தவர் பாப்ர் தெக்லாந்தீன். தன் பெயரோடு ஒரு காட்டு ரோஜாவையும் சேர்த்துக்கொண்ட கவிஞர். 1794-இல் அவரே கில்லட்டினுக்குப் பலியானார். அந்த ஒன்றிரண்டு ஆண்டுகளில் புரூட்டஸ் என்றும், சுதந்திரம் என்றும் குழந்தைகளுக்குப் பெயர் வைத்தார்கள். மன்னரின் உறவினரான ஓர்லேயான் கோமகனே தன் பெயரைப் பிலீப் சமத்துவம் என்று மாற்றிக்கொண்டார். பதவியிழந்த மன்னரையோ லூயி கபே என்று அழைத்தார்கள். அது என் பெயரில்லை, என் முன்னோர் ஒருவருடைய பட்டப்பெயர் என்று அவர் மறுத்துப் பார்த்தார். பலிக்கவில்லை.

அலை அடங்கியதும் அரசு கடிவாளத்தை இறுக்கியது. 1794 ஆகஸ்டில் ஒரு சட்டம்: பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு எதையும் குடிமக்கள் தாங்கக் கூடாது. 1803 ஏப்ரல் 1-இல் இன்னொரு சட்டம்: நாட்காட்டிகளில் வழங்கும் பெயர்களும், பண்டைய வரலாற்றில் அறியப்பட்டவர்களின் பெயர்களும் மட்டுமே குழந்தைக்குச் செல்லும். பொனபார்த் முதல் கொன்சலாக இருந்த ஆண்டு அது. அவருடைய நப்போலியோன் என்ற பெயருக்கே நாட்காட்டியில் இடமில்லை. 1806-இல் ஒரு பழைய தியாகியைத் தேடிப் பிடித்துப் புனித நப்போலியோன் ஆக்கினார்கள். பேரரசர் பிறந்த ஆகஸ்ட் 15-ஐயே திருநாளாக அறிவித்தார்கள்.

1803-இன் சட்டம் 190 ஆண்டுகள் நின்றது. அந்தச் சட்டத்தின் நிழல் பிரான்சோடு முடியவில்லை. இந்தியத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு 1853-இல் மார்த்தினிக் தீவை அடைந்த முதல் கப்பலின் பெயர் ஓரெலி. அடுத்த ஆண்டின் இறுதியில் குவாதலூப்புக்கும் அதே கப்பல்தான் போயிற்று. ஓரெலி ஒரு பெண்பெயர். லத்தீனில் பொன்னோடு உறவுடையது. அந்தத் தீவுகளிலும் ரீயூனியனிலும் கரும்புத் தோட்டங்களுக்குப் போன நம்மவர்களின் சொந்தப் பெயர்கள் அடுத்த தலைமுறையில் குடும்பப் பெயர்களாக உறைந்தன. பிள்ளைகளின் சொந்தப் பெயரிடத்தில் பிரெஞ்சு நாட்காட்டி வந்து உட்கார்ந்தது. குவாதலூப்பில் இந்திய வம்சாவளியினரின் குடியுரிமைக்காக 1904 முதல் 1923 வரை வழக்காடிய பெருமகன் ஆன்ரி சிதம்பரம். அந்தத் தீவிலிருந்தே நாடாளுமன்றம் சென்ற எழுத்தாளர் எர்னெஸ்த் முத்துசாமி. ரீயூனியனின் அரசியல் தலைவர் ழான்-போல் வீரப்பிள்ளை. ஒவ்வொரு பெயரையும் இரண்டாகப் பிளந்து பாருங்கள். முன்பாதி அரசின் பட்டியலிலிருந்து வந்தது. பின்பாதி கப்பலில் வந்த ஒருவரின் தாய் சூட்டியது.

புதுச்சேரியில் இது வேறு வழியில் நடந்தது. 1881 செப்டம்பர் 21-இன் ஆணைப்படி, தம் குலவழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்கள் ‘ரெனோன்சான்’ ஆனார்கள். துறப்பவர் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்து பதிய வேண்டும். ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்கு வந்ததற்காக 1873-இல் தண்டிக்கப்பட்டு, பாரிஸ் வரை வழக்காடி வென்ற பொன்னுத்தம்பி பிள்ளை, லா போர்த் என்ற பெயரை எடுத்துக்கொண்டார். கதவு என்று பொருள். இங்கே எழுதுகோல் அவர் கையில் இருந்தது. பொருள் அறிந்து, வேண்டுமென்றே தேர்ந்த பெயர். தாழ்த்தப்பட்ட மக்களில் பலருக்கு, சாதியைச் சொல்லாத ஒரு பெயர் கிடைத்த முதல் சந்தர்ப்பமும் அதுதான். அந்தப் பெயர்களை வெள்ளைக்காரப் பெயர்கள் என்று எளிதாகப் பேசுபவர்கள் இதை மறக்கக் கூடாது.

பிரான்சுக்குள்ளேயே இந்தச் சட்டத்தோடு நெடுங்காலம் மல்லுக்கட்டியவர்கள் பிரெத்தாஞ் பகுதி மக்கள். அவர்களுடைய மொழி கெல்ட்டியக் கிளை. யான், எர்வான், மயேல், குவெனயேல் என்று பெயர்கள் கேட்கவே தனியாக இருக்கும். மயேல் என்றால் இளவரசன். குவெனயேல் என்பதில் வெண்மையும் புனிதமும் ஒரே சொல்லில், தாராள மனம் இன்னொரு சொல்லில். பாரிசின் நாட்காட்டியில் இவற்றில் பலவற்றுக்கு இடமில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் ஒரு பிரெத்தோன் குடும்பம் தன் பிள்ளைகளுக்குத் தாய்மொழிப் பெயர்களையே வைப்போம் என்று நின்றது. அதிகாரிகள் பதிய மறுத்தார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் சட்டத்தின் கண்ணில் பிறக்காதவர்களாகவே பல ஆண்டுகள் வளர்ந்தார்கள். நாட்டின் நீதிமன்றங்களைத் தாண்டி ஐரோப்பிய அமைப்புகள் வரை வழக்குப் போயிற்று. 1966 ஏப்ரலில் வந்த ஓர் அரசாணை வட்டாரப் பெயர்களுக்கும் புராணப் பெயர்களுக்கும் வழி திறந்துவிட்டது. 1993 ஜனவரி 8-இன் சட்டம் தேர்வைப் பெற்றோரிடமே ஒப்படைத்தது. பதிவாளர் மறுக்க முடியாது. குழந்தையின் நலனுக்குக் கேடு என்று கருதினால் அரசு வழக்கறிஞரிடம் தெரிவிக்கலாம். நீதிபதி முடிவு செய்வார்.

நீதிபதிகள் தலையிட்டதும் உண்டு. தித்தெஃப் என்ற சித்திரக்கதைச் சிறுவனின் பெயரை 2012-இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. வலான்சியென் நகரில் ஒரு குழந்தைக்கு நுத்தெல்லா என்று பெயர் வைத்தார்கள். நீதிபதி அதை எல்லா என்று சுருக்கினார். செய்தித்தாள்கள் இவற்றை விரும்பிப் பேசின. எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது 2017-இல் கேம்பேர் நகரில் நடந்தது. ஒரு குழந்தைக்கு வைத்த பெயர் ஃபான்ச். பிரான்சுவா என்பதன் பிரெத்தோன் வடிவம். அதன் நடுவில் வரும் ‘ன’ எழுத்தின் தலைமேல் ஒரு சிறு அலைக்கோடு உண்டு. அந்தக் கோடு பிரெஞ்சு எழுத்தில் இல்லை என்று நீதிமன்றம் மறுத்தது. 2018 நவம்பரில் ரென் மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதித்தது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அதற்கு எதிரான மனுவைத் தள்ளியது. ஒரு மயிரிழைக் கோட்டுக்காக இரண்டு ஆண்டுக்கு மேல் ஒரு குடும்பம் போராடியது. நான் அதைப் பிடிவாதம் என்று சொல்ல மாட்டேன். ஓர் எழுத்தின் தலைமேல் புள்ளி இருக்கிறதா இல்லையா என்பது எவ்வளவு பெரிய வேறுபாடு என்று தமிழ் படித்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சுதந்திரம் வந்த பிறகு என்ன நடந்தது? சட்டம் வருவதற்குச் சற்று முன்பே அலை தொடங்கிவிட்டது. 1991-இல் பிரான்சில் ஆண் குழந்தைகளுக்கு மிக அதிகமாக வைத்த பெயர் கெவின். 13,000-க்கு மேற்பட்ட குழந்தைகள். அயர்லாந்துப் புனிதர் ஒருவரின் பெயர். நற்பிறப்பு என்பது போன்ற பொருள். ஆனால் அது வந்தது ஹாலிவுட் படங்களின் வழியாக. உழைக்கும் மக்கள் விரும்பி வைத்தார்கள். வசதி படைத்தவர்கள் தொடவில்லை. முன்பெல்லாம் மேல்தட்டில் தொடங்கிக் கீழே இறங்கிவந்த பெயர்களைத்தான் ஆய்வாளர்கள் பிலீப் பெனாரும் கி தெப்லாங்கும் 1980-களில் ஆராய்ந்து காட்டினார்கள். கெவின் அந்தப் படிக்கட்டில் இறங்கி வரவில்லை. அதனாலேயே கேலிக்கு ஆளானது. பெயரைக் கேட்டவுடன் பெற்றோரின் வருமானத்தை ஊகிக்கும் கெட்ட வழக்கம் வளர்ந்தது. பள்ளியிறுதித் தேர்வில் உயர்தர மதிப்பெண் பெற்றவர்களை, பெயர்வாரியாக வரைபடத்தில் இட்டுப் பார்த்தவர் பாப்திஸ்த் கூல்மோன் என்ற சமூகவியலாளர். பெயருக்குப் பெயர் பெரிய இடைவெளி தெரிந்தது. தேர்வை எழுதியது பெயர் இல்லை. பெயருக்குப் பின்னால் நிற்கும் வீடு, வருமானம், புத்தக அலமாரி. ஒரு கெவினைப் பார்த்துச் சிரிப்பவர் அவனுடைய தந்தையின் உழைப்பைப் பார்த்துச் சிரிக்கிறார். இதை நான் கடுமையாகவே சொல்ல விரும்புகிறேன்.

இப்போது முன்வரிசையில் நிற்கும் பெயர்களில் காப்ரியேல், ரஃபயேல், லூயீஸ், எம்மா, ழாத் முதலியவை உண்டு. லூயீஸ் நம் பழைய குளோவிசின் பேத்தி. ழாத் பச்சை மணிக்கல். எந்தப் புனிதரும் தாங்காத பெயர். 1803-இன் பதிவாளர் அதை எழுத மறுத்திருப்பார்.

2021-இல் குடியரசுத் தலைவர் தேர்தலை நோக்கிக் களமிறங்கிய ஒருவர் அந்தப் பழைய சட்டத்தையே மீண்டும் கொண்டுவருவேன் என்றார். குடியேறியவர்கள் பிள்ளைகளுக்கு முகம்மது போன்ற பெயர்களை வைக்கக் கூடாது என்பது அவருடைய நோக்கம். கூல்மோனும் பத்ரிக் சிமோனும் 2019-இல் வெளியிட்ட ஆய்வு அவர் வாதத்துக்கு முன்பே பதில் சொல்லியிருந்தது. வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் தலைமுறையில் பெயர்கள் தாமாகவே நெருங்கிவிடுகின்றன. சாரா, லினா, இனெஸ், யானிஸ் என்று இரண்டு கரைக்கும் அந்நியமில்லாத பெயர்களைப் பெற்றோர் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். சட்டம் கட்டாயப்படுத்தாமலே நடப்பதைச் சட்டத்தால் கட்டாயப்படுத்துவது அவமதிப்பாகவே முடியும்.

பாரிசின் லா ஷப்பேல் பகுதியில் வாழும் ஈழத்தமிழர்களும் இந்தக் கேள்வியைச் சந்தித்தவர்கள். குடியுரிமை பெறும்போது பெயரைப் பிரெஞ்சு வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று 1972-இன் சட்டம் இடம் தருகிறது, கட்டாயம் இல்லை. அவர்களுக்குக் கூடுதலான ஒரு சிக்கல் உண்டு. நம் வழக்கத்தில் தகப்பன் பெயர் முன்னே முதலெழுத்தாக நிற்கும். பிரெஞ்சுப் படிவமோ குடும்பப் பெயர் ஒன்றைக் கேட்கும். தகப்பன் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதினால், அது பேரப்பிள்ளைக்கும் போய்ச் சேர்ந்து நிரந்தரமாகிவிடும். குவாதலூப்பில் நடந்தது மீண்டும் நடக்கிறது. இம்முறை நாமே எழுதுகிறோம்.

இந்த மண்டபத்தில் பழைய புதுச்சேரி, காரைக்கால் குடும்பத்தினர் பலர் இருக்கிறீர்கள். பிரெஞ்சிந்தியாவின் பிறப்புப் பதிவேடுகளை எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரத்துக் கடல்கடந்த ஆட்சிப்பகுதிகளுக்கான ஆவணக்காப்பகம் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. ஆண்டு தெரிந்தால் தேடலாம். கொள்ளுத் தாத்தாவின் பதிவு கிடைத்தால் பெயரின் பொருளைப் பார்ப்பதற்கு முன் மற்ற வரிகளைப் படியுங்கள். பிறப்பைத் தெரிவிக்க வந்தவர் யார், அவர் வயது என்ன, தொழில் என்ன, சாட்சிகள் யார், கையெழுத்து எந்த எழுத்தில் இருக்கிறது என்று பாருங்கள். எதையேனும் கண்டால் எனக்கும் எழுதுங்கள்.